புளிக்க வைப்பதும் புளிக்க விடாததும்: ஒரு கிராஃப்ட் பீர், ஒரு கள்ளுக்கடை, ஒரு பட்டை அக்கானி

(ஒலி வடிவில் வந்த அத்தியாயத்தின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த அத்தியாயம் ஊர் சுற்றுவதையும், சுற்றும்போது தின்பதையும் குடிப்பதையும் பற்றியது. மது பற்றிய பேச்சு நிறைய வரும். அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். குடிக்கிறவங்களுக்கு இது சிபாரிசு இல்லை, குடிக்காதவங்களுக்கு இது பாடமும் இல்லை. என் வீட்டுக் கதை கொஞ்சம், சயின்ஸ் கொஞ்சம், சட்டம் கொஞ்சம். அவ்வளவுதான்.

நான் நாகர்கோவில்காரன். வேலை பெங்களூரில். பெங்களூரில் வேலை பார்க்கிற எல்லோரையும் போல நானும் மைக்ரோ புரூவரி சுற்ற ஆரம்பிச்சேன். மைக்ரோ புரூவரின்னா, பீரை அந்த இடத்திலேயே காய்ச்சி, அந்த இடத்திலேயே ஊத்திக் கொடுக்கிற உணவகம். இந்திரா நகரில் டாய்ட் 2010-ல் திறந்தாங்க. அதுக்கப்புறம் நகரம் முழுக்க வரிசையா வந்தது. வெளியூர் நண்பர்கள் வந்தா, லால் பாக் காட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடிக்குப் பின்னால பளபளன்னு நிற்கிற அந்தச் செம்பு, ஸ்டீல் தொட்டிகளைத்தான் காட்டுவோம்.

ஒரு தடவை ஒரு புரூவரியில் பார்வையாளர்களுக்கு உள்ளே சுற்றிக் காட்டினாங்க. புளிச்சுக்கிட்டு இருந்த தொட்டியிலிருந்து கொஞ்சம் பிடிச்சு, "மோந்து பாருங்க"ன்னு ஒரு சின்ன கிளாஸ்ல கொடுத்தாங்க. கோதுமை பீர். வாழைப்பழ வாசனை வரும்னு சொன்னாங்க, வந்தது. அதுக்குக் கீழே இன்னொரு வாசனையும் வந்தது. அது எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வாசனை. எங்கேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ராத்திரி ரூமுக்கு வந்து படுத்த பிறகுதான் பிடிபட்டது. எங்க பாட்டாவோட விடிலியில, எட்டு வயசுல.

விடிலின்னா என்னன்னு எங்க ஊருக்கு வெளியே உள்ளவங்களுக்குச் சொல்லணும். பனையிலிருந்து இறக்குற பதநீரைக் காய்ச்சுற ஓலைக் குடிசை அது. பதநீரை நாங்க பதநீர்னு சொல்ல மாட்டோம், அக்கானிதான். பாட்டா பனையேறி. ராஜாக்கமங்கலம் பக்கம். எனக்கு விவரம் தெரியும்போது அவர் ஏறுறதை நிறுத்தியாச்சு. பக்கத்து வீட்டு மாமா ஏறி இறக்குவார், பாட்டி அடுப்பைப் பார்ப்பாங்க. பாட்டாவுக்கு ஒரே வேலைதான். வர்ற ஒவ்வொரு கலயத்தையும் மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பார்ப்பார். சரியா இருந்தா பானைக்குப் போகும். சரியில்லைன்னா வாசல்ல ஊத்திடுவார். அந்த ஊத்துற கலயத்தோட வாசனைதான் பெங்களூர்ல எனக்கு வந்தது.

இந்த அத்தியாயம் அந்த வாசனையைப் பின்தொடர்ந்து போனதுதான்.

ஒரு கிளாஸ் பீருக்குள்ள என்ன நடக்குது

எல்லா மதுவுக்கும் அடிப்படை ஒண்ணுதான். ஈஸ்ட்ங்கிற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்னும். ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும். எந்த மதுவா இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ரெண்டு: சர்க்கரை எங்கிருந்து வருது? ஈஸ்ட் எங்கிருந்து வருது?

பீர்ல சர்க்கரை நேரா கிடைக்காது. பார்லியில இருக்கிறது மாவுச்சத்து. பார்லியை ஊற வைச்சு, முளை விட வைச்சு, உலர்த்துறாங்க. இதுதான் மால்ட். கேழ்வரகை முளைகட்டுறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. முளைக்கும்போது தானியத்துக்குள்ள உருவாகிற என்சைம்கள்தான், பிறகு அந்த மால்ட்டை இடிச்சு வெந்நீர்ல ஊற வைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கும். அந்த இனிப்புத் தண்ணியை வடிச்சு, ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பாங்க. ஆற வைச்சு, தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டைப் போடுவாங்க. அப்புறம் காத்திருக்கணும். ஏல் வகைன்னா பொதுவா ரெண்டு மூணு வாரம். லாகர்னா இன்னும் குளிர்ச்சியில, இன்னும் நீளமா.

1516-ல ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு சட்டம் போட்டாங்க. பீர்ல தண்ணி, பார்லி, ஹாப்ஸ் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாதுன்னு. அந்தப் பட்டியல்ல ஈஸ்ட் இல்லை. ஏன்னா அப்படி ஒரு உயிர் இருக்குன்னே அப்போ யாருக்கும் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டுல லூயி பாஸ்டர் வந்துதான், புளிக்க வைக்கிறது ஒரு உயிர்ங்கிறதை நிலைநாட்டினார். அவர் பெயரால வந்த பாஸ்டரைசேஷன்தான் பாட்டில் பீரை மாதக்கணக்கில கெடாம வைக்குது. மைக்ரோ புரூவரியில பெரும்பாலும் அதைச் செய்றதில்லை. அதனாலதான் அந்தப் பீர் வேற மாதிரி இருக்கு. அதனாலதான் அங்கேயே குடிச்சுடணும்.

இப்போ இன்னொண்ணு. "லோக்கல், கிராஃப்ட்"னு நாம பெருமையா சொல்ற அந்தப் பீரோட ஹாப்ஸ் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருது. ஈஸ்ட்டும் பல இடங்கள்ல இறக்குமதிதான். இதைக் குறையா சொல்லல. நம்ம வெயில்ல ஹாப்ஸ் எளிதா வளராது. ஆனா 'உள்ளூர்'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் நிதானமா பயன்படுத்தணும்னு அப்போதான் தோணுச்சு. இந்த விஷயம் பின்னாடி கள்ளுக்கடையில இன்னொரு தடவை வரும்.

பனைக்குள்ள என்ன நடக்குது

பனையில முளைகட்டவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம். பாளையைச் சீவினா சொட்டுறதே சர்க்கரைத் தண்ணி. பத்துல ஒரு பங்குக்கு மேல சர்க்கரை. ஈஸ்ட்டும் யாரும் போட வேண்டாம். காத்துல இருக்கு, பாளையில இருக்கு, பூச்சியோட கால்ல இருக்கு, நேத்து சரியாக் கழுவாத கலயத்துல இருக்கு. முதல் சொட்டு விழுந்த நிமிஷமே வேலை ஆரம்பிச்சுடும். சில மணி நேரத்துல அது கள். ஒரு நாள் தாண்டினா புளிப்பு ஏறும். இன்னும் விட்டா காடி, அதாவது வினிகர்.

பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக்னு ஒரு பீர் இருக்கு. ஈஸ்ட்டே போட மாட்டாங்க. இனிப்புத் தண்ணியைக் குளிர்கால ராத்திரியில திறந்த தொட்டியில விட்டு, காத்துல வர்ற உயிர்களே புளிக்க வைக்கட்டும்னு விட்டுடுவாங்க. பீர் பிரியர்கள் அதைத் தேடிப் பயணம் போறாங்க. அடிப்படையில நம்ம கள்ளும் அந்த ஜாதிதான். ஒரு வித்தியாசம்: அங்கே வருஷக்கணக்கில காத்திருப்பாங்க, இங்கே மணிக்கணக்கு.

அப்போ அக்கானின்னா என்ன? அதே சாறு, புளிக்க விடாமப் பிடிச்சது. கலயத்தோட உள்பக்கம் சுண்ணாம்பு தடவி பாளையில கட்டுவாங்க. ஈஸ்ட்டுக்கு லேசான புளிப்புத்தன்மை பிடிக்கும்; சுண்ணாம்பு காரத்தன்மை. ஈஸ்ட் அடங்கிடும். ஆனா இதுல அளவுதான் எல்லாம். சுண்ணாம்பு குறைஞ்சா புளிச்சுடும். கூடினா கருப்பட்டி ருசி கெட்டுடும். எத்தனை தடவணும்னு அளவுக் கோப்பை எதுவும் கிடையாது. வெயில் எப்படி, பனை எவ்வளவு சுரக்குது, கலயம் எவ்வளவு பழசு, இதெல்லாம் பார்த்துக் கை தீர்மானிக்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. பெங்களூர் புரூவரோட திறமை புளிக்க வைக்கிறதுல இருக்கு. என் பாட்டாவோட திறமை புளிக்க விடாம நிறுத்துறதுல இருந்தது. ரெண்டு பேரும் மூக்கை நம்பித்தான் வேலை செய்றாங்க. ஒருத்தருக்கு அந்த வாசனை வந்தா வெற்றி. இன்னொருத்தருக்கு அதே வாசனை வந்தா வாசல்ல ஊத்தணும்.

எங்க மாவட்டத்துல ஏன் புரூவரி இல்லை

நண்பர்கள் கேட்பாங்க: "கன்னியாகுமரி வர்றோம், நல்ல கிராஃப்ட் பீர் எங்கே கிடைக்கும்?" கிடைக்காது. தமிழ்நாட்டுல மைக்ரோ புரூவரி கிடையாது. பெங்களூர் போகணும், இல்லைன்னா புதுச்சேரி போகணும்.

இதுக்குப் பின்னால ஒரு நீண்ட வரலாறு இருக்கு. 1937-ல ராஜாஜி அரசு மதுவிலக்குச் சட்டம் கொண்டு வந்து சேலம் மாவட்டத்துல முதல்ல அமல்படுத்தியது. 1948-ல சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அப்போ குமரி அதுல இல்லை, திருவிதாங்கூரோட இருந்தது. 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு. களியக்காவிளை மாநில எல்லையானது அன்னைக்குத்தான். அதுக்கு முன்னாடி அது ரோட்டுல வர்ற இன்னொரு ஊர், அவ்வளவே.

பிறகு 1971-ல தமிழ்நாட்டுல மதுவிலக்கு விலகியது. 1974-ல திரும்ப வந்தது. 1981-ல கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடை திறந்தாங்க. 1987 தொடக்கத்துல மூடினாங்க. அப்போதிலிருந்து கள் தடைதான். 1983-ல டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது. 2003-ல சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. ஆக, இன்னைக்கு நிலைமை இது: ஆலையில செஞ்ச மது சட்டப்படி கிடைக்கும். பனையில சொட்டுறது சுண்ணாம்போட இருந்தா உணவு, சுண்ணாம்பு இல்லாம இருந்தா குற்றம். அந்தப் பக்கம், களியக்காவிளை தாண்டினா, கள்ளுக்கடைக்கு அரசு உரிமம் உண்டு. கள் இறக்குறவங்களுக்கு 1969-ல இருந்து சட்டப்படி நலநிதியே இருக்கு.

சரி, போய்ப் பார்ப்போம்னு கிளம்பினேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மதியச் சாப்பாடு

நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ். குடிக்கிற திட்டம் இருந்தா பைக் எடுக்காதீங்க. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை. எல்லை தாண்டி கொஞ்ச தூரத்துல பாறசாலை. அந்தப் பக்கத்துல ஒரு கள்ளுக்கடை. கடைப் பெயர் வேண்டாம், விளம்பரம் ஆயிடும்.

உள்ளே மரப் பெஞ்சு, தடுப்பு வைச்ச சின்னச் சின்ன அறைகள். குடும்பமா வந்து சாப்பிடுறவங்களும் இருந்தாங்க. கடைக்காரர் முதல்ல கேட்டது, "மதுரக்கள்ளா, மூத்த கள்ளா?" மதுரக்கள் காலையில இறக்கினது, இனிப்பு மிச்சம் இருக்கும். மூத்தது புளிப்பேறினது. பெங்களூர் புரூவரியில டேஸ்டிங் செட்னு ஆறு சின்ன கிளாஸ்ல ஆறு வகை பீர் வைப்பாங்க. இங்கே ஒரே சாறுதான், நேரம்தான் வகை.

ரெண்டுலயும் கொஞ்சம் வாங்கினேன். மதுரக்கள்ளை வாயில வைச்சதும், பாட்டா ஊத்தின கலயம் என் முன்னாடி நிற்குது. இது தென்னங்கள், அது பனை. ஆனா அந்த வாசனையோட அடித்தளம் அதேதான்.

சாப்பாடு வந்தது. அவங்க கப்பைன்னு சொல்றதை நாங்க மரச்சீனிங்கிறோம். திருவிதாங்கூர்ல 1880-களின் தொடக்கத்துல ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்பினார். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தா ஏழைகள் பசியாற ஒரு கிழங்கு வேணுங்கிறது நோக்கம். இன்னைக்கு அது சுற்றுலா மெனுவில இருக்கு. கூட சாளை மீன் கறி, சிவப்பா. வடக்குக் கேரளத்துல இந்த மீன் மத்தி; திருவனந்தபுரத்துல எங்களை மாதிரியே சாளைதான். மாநில எல்லை மீனோட பெயரை மாத்தலை. கள்ளோட புளிப்பும், மீன் கறியோட எரிப்பும், மரச்சீனியோட மந்தமும் ஒண்ணையொண்ணு சமன் பண்ணுது. இந்தச் சேர்க்கையை யாரும் உட்கார்ந்து வடிவமைக்கல. உழைச்சுட்டு வந்தவங்க கைக்குக் கிடைச்சதைச் சேர்த்துத் தின்னதுல வந்தது.

"இது இங்க இறக்கினதா சேட்டா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். "சித்தூர்." பாலக்காடு மாவட்டத்து சித்தூர். கேரளத்தின் பல கடைகளுக்கு அங்கேயிருந்துதான் வண்டியில கள் வருது. உள்ளூர்ல ஏற ஆள் இல்லை. ஜெர்மன் ஹாப்ஸ் மறுபடி ஞாபகம் வந்தது. நான் தேடி வந்த 'உள்ளூர்' இங்கேயும் ராத்திரியெல்லாம் பயணம் பண்ணித்தான் வந்திருக்கு. அந்தப் பயண நேரத்துலயும் அது புளிச்சுக்கிட்டேதான் வந்திருக்கும். கேரளத்துக் கள்ளுல கலப்படம் ஒரு பழைய புகார். இறக்குறதைவிட விற்கிறது அதிகமா இருக்கிற எந்தப் பொருளுக்கும் வர்ற வியாதி அது.

அப்பா சொன்னது

ராத்திரி வீட்டுக்கு வந்தேன். அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். திண்ணையில இருந்தார்.

"எங்கடே போயிட்டு வாற?"

"பாறசாலைக்குப்பா. கள்ளுக்கடை பார்க்க. பாட்கேஸ்ட்டுக்கு."

கொஞ்ச நேரம் பேசல. நான் வேகமா என் தியரியைச் சொன்னேன். ஈஸ்ட், லாம்பிக், பாட்டாவோட மூக்கு, இது எவ்வளவு பெரிய கிராஃப்ட், நாம இதை இழந்துட்டோம்னு எல்லாம்.

"பாட்டா நெஞ்சைப் பார்த்திருக்கியா நீ?"ன்னார் அப்பா.

பார்த்திருக்கேன். மரத்துல உராஞ்சு உராஞ்சு காய்ச்சுப்போன தோல். கையில உள்பக்கமும் அப்படித்தான். அறுபது அடி மரம், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒரு நாளைக்குப் பல மரம்.

"நான் அதை ஏறக் கூடாதுன்னுட்டுதான் எங்க அப்பா ஏறினார். நீ அதைக் கிராஃப்ட்டுங்கிற."

அப்பா சொல்றதுக்குப் பின்னால பெரிய சரித்திரம் இருக்கு. திருவிதாங்கூர்ல பனையேறி பிழைச்சவங்க மேல என்னென்ன வரி இருந்ததுன்னு தேடினா, மரம் ஏறுற தளைக்குத் தளைக்காணம், ஏணிக்கு ஏணிக்காணம்னு தொழில் கருவிக்கே வரி இருந்திருக்கு. பெண்கள் மேல்சட்டை போடுறதுக்கே போராட வேண்டியிருந்து, 1859-ல அரசு அறிவிப்பு வந்துதான் ஓரளவு முடிஞ்சது. இந்தத் தொழிலை விட்டு வெளியே வர்றதுங்கிறது எங்க ஆளுகளுக்கு வெறும் வருமான விஷயம் இல்லை. அந்தப் பக்கத்துலயும் கதை இதேதான். கள் இறக்குறதைத் தொழிலா வைச்சிருந்த ஈழவ சமுதாயத்துல பிறந்த ஸ்ரீ நாராயண குரு, கள் இறக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்கிற நிலைப்பாட்டுல இருந்தார். அவர் தவம் இருந்த இடங்கள்ல ஒண்ணு எங்க மருந்துவாழ்மலை, நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவுல.

அப்புறம் அப்பா இன்னொண்ணு சொன்னார். இது எனக்கு அதுவரை தெரியாது.

"உங்க சித்தப்பா குடிக்கப் படிச்சது எங்கன்னு நெனைக்க? கடையிலயா? 81-ல கள் இறக்கலாம்னு ஆச்சுல்லா, அப்போ பாட்டா சுண்ணாம்பு தடவாமக் கலயம் கட்டினார். கருப்பட்டியைவிடக் காசு கூட. சித்தப்பாவுக்குப் பதினாறு வயசு. வீட்டுக் கலயத்துலதான் ஆரம்பிச்சான்."

சித்தப்பாவை எனக்குத் தெரியும். கல்லீரல் கெட்டு, நாற்பது வயசு தாண்டுறதுக்குள்ள போயிட்டார். அவர் கடைசியா குடிச்சது கள் இல்லை. ஆனா தொடக்கம் அதுதான்.

"அப்புறம்?"

"ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் பாட்டா சுண்ணாம்புக்குத் திரும்பிட்டார். சட்டம் மாறினது பின்னாடிதான்."

எட்டு வயசுல நான் பார்த்த பாட்டா, ஒவ்வொரு கலயத்தையும் மோந்து பார்த்த பாட்டா, ருசிக்காக மட்டும் மோந்து பார்க்கல. வாசல்ல ஊத்தின கலயம் ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் கொதிக்க வேண்டிய கூலி. அதை யோசிக்காம ஊத்தினார். நான் பெங்களூர்ல ஆசையா மோந்து பார்த்தது, அவர் மகனுக்காகப் பயந்த வாசனை.

அப்போ என்ன செய்யலாம்?

கள்ளைத் திறக்கணும்னு விவசாயிகளும் பனைத் தொழிலாளர் அமைப்புகளும் தொடர்ந்து கேட்கிறாங்க. அவங்க வாதத்துல நியாயம் இருக்கு. ஆலை மது கிடைக்கும், மரத்து மது மட்டும் குற்றம்னா அது யாருக்குச் சாதகம்னு கேட்கத்தான் வேணும். அதே சமயம், 'கள் இயற்கை, அதனால ஆபத்தில்லை'ன்னு சொல்றவங்ககிட்ட இனி என்னால தலையாட்ட முடியாது. ஆல்கஹால் எந்தப் பாத்திரத்திலிருந்து வந்தாலும் கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த ரெண்டையும் ஒரே வாக்கியத்துல முடிக்க எனக்குத் தெரியலை. முடிக்காமலே விடறேன்.

ஆனா ஒரு பயணியா நீங்க என்ன செய்யலாம்னு சொல்ல முடியும்.

ஒண்ணு: நாஞ்சில் நாட்டுக்கு வந்தா, பனை சுரக்கிற மாதங்கள்ல வாங்க. தை, மாசியில தொடங்கி கோடை வரைக்கும். காலையில சீக்கிரம் எழும்புங்க. அக்கானிக்கு டேப்ரூம் கிடையாது; ரோட்டோரத்துல குடத்தோட இருப்பாங்க. பனையோலையை மடிச்சுச் செய்ற பட்டையில வாங்கிக் குடிங்க. ஓலை வாசனையும் சேர்ந்துதான் அந்த ருசி. வெயில் ஏறினா கைவிட்டுடுங்க. நுங்கு இருந்தா அதுல போடச் சொல்லுங்க.

ரெண்டு: வாங்கும்போது, "யார் ஏறினது, எந்தப் பனை, எப்போ இறக்கினது?"ன்னு கேளுங்க. பெங்களூர்ல புரூ மாஸ்டர் பெயரையும் காய்ச்சின தேதியையும் கேட்கிறோம் இல்லையா? இங்கேயும் கேட்கலாம். பதில் சொல்லத் தெரிஞ்சவங்ககிட்ட வாங்குங்க. பதநீர்ங்கிற பெயர்ல சர்க்கரைத் தண்ணி விற்கிறவங்க இந்தக் கேள்வியைத் தாண்ட மாட்டாங்க.

மூணு: கருப்பட்டி விலை கேட்டு முகம் சுளிக்காதீங்க. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் அக்கானி வேணும். மரம் ஏறுறது ஒருத்தர். புகையில நின்னு மணிக்கணக்கா கிண்டுறது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பொங்கி வழியாம இருக்க ஆமணக்கு விதையை இடிச்சுப் போடுவாங்க, பதம் பார்த்துச் சிரட்டையில ஊத்துவாங்க. விலை ரொம்பக் குறைவா இருந்தா சீனி கலந்திருக்குன்னு அர்த்தம்.

நாலு: அந்தப் பக்கம் கள்ளுக்கடைக்குப் போறீங்கன்னா, கேரளாவில் மதுவுக்கு வயசு வரம்பு 23. சாப்பாட்டுக்காகப் போங்க, ஒரு கிளாஸோட நிறுத்துங்க, பஸ்ஸுல திரும்புங்க. பாட்டில்ல வாங்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க. எல்லை தாண்டினதும் அது குற்றம். மூடி இறுக்கின பாட்டில் வழியில வெடிக்கவும் செய்யும், ஈஸ்ட் சும்மா இருக்காது.

பெங்களூருக்கு நான் இப்பவும் போறேன், பீரும் குடிக்கிறேன். ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. கிராஃப்ட்ங்கிற வார்த்தையைக் கேட்டா, இப்போ கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற தொட்டி ஞாபகம் வர்றதில்லை. சுண்ணாம்பு விரலோட ஒரு கிழவர் கலயத்தை மூக்குக்குக் கொண்டுபோறதுதான் வருது.

போன மாசம் ஊருக்குப் போனப்போ ரெண்டு பட்டை அக்கானி வாங்கிட்டு வந்தேன். அப்பாகிட்ட ஒண்ணு கொடுத்தேன். குடிக்கிறதுக்கு முன்னாடி அவர் மோந்து பார்த்தார். தெரிஞ்சு செஞ்சாரா, பழக்கமான்னு கேட்கலை.

"நல்ல அக்கானிதான். குடி மக்கா"ன்னார்.

அவ்வளவுதான் இந்த வாரம். உங்க ஊர்ல இந்த மாதிரி நிறுத்தத் தெரிஞ்ச கைகள் யாராவது இருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த அத்தியாயத்துல பார்ப்போம். வாறேன்.